கார்பன் கிட்டார் வாங்கி நாலு மழைக்காலம்: மர கிட்டார்களை என்ன செய்தேன்?

2021 நவம்பரில், மரத்துக்குப் பதில் கார்பன் இழையில் செய்த கார்பன் ஃபைபர் கிட்டார் ஒன்று வாங்கினேன். அப்போது வீட்டில் மூன்று மர கிட்டார்கள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் விற்றுவிடலாமா என்று வருஷத்துக்கு ஒருமுறை தோன்றும். ஜூன் மாதம், மழை ஆரம்பித்துச் சரியாகப் பத்தாம் நாள்.

இருப்பது மும்பையில், செம்பூர். ஞாயிற்றுக்கிழமை சயானில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் வாசிப்பேன். மற்ற நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், பக்கத்து வீட்டுக்காரர் இருமும் வரை. மேடைக் கலைஞன் இல்லை. இந்த அளவில் படித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் கிட்டார் 2005 ஜூலை 26-ஆம் தேதி போனது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்த நாள். அப்போது குர்லாவில் தரைத்தளத்தில் இருந்தோம். தண்ணீர் வாசல்படி ஏறியதும் கிட்டாரைக் கட்டில் மேல் வைத்துவிட்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். மறுநாள் இறங்கி வந்து பார்த்தால், பின்பலகை ஒரு மூலையில், பக்கப் பலகை ஒரு மூலையில், கழுத்து மட்டும் ஆறு கம்பியோடு முழுசாக. கோந்து கரைந்துவிட்டது. அன்றைக்கு ஊரே இழந்ததற்கு முன்னால் ஒரு கிட்டாரைப் பற்றி வாய்விட்டுப் புலம்பவும் முடியவில்லை.

ஆனால் மர கிட்டாரைக் கெடுக்க வெள்ளம் வர வேண்டியதில்லை, மும்பைக் காற்றே போதும். நல்ல கிட்டாரின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதை ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 45-இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது என்று கிட்டார் செய்பவர்கள் சொல்வார்கள். ஜூலையில் என் படுக்கையறை ஹைக்ரோமீட்டர் 85-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஈரம் குடித்த மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, ரேகைக்குக் குறுக்காகத்தான் விரியும். விரிந்து போக இடமில்லாததால் பலகை மேலே உப்பும். உப்பினால் பலகைமேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் தூக்கும், பிரிட்ஜ் தூக்கினால் கம்பி உயரும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த கம்பி மூன்றைத் தாண்டிவிடும். இடது கை விரல்களுக்கு அந்த அரை மில்லிமீட்டர் எவ்வளவு பெரிது என்று, ஒரே விரலால் ஆறு கம்பியையும் அமுக்கும் எஃப் பார் கார்டு பிடித்தவர்களுக்குத் தெரியும்.

2014-இல் முதல் பெரிய போனஸ் வந்தபோது, பலகை எல்லாமே முழு மரமான கிட்டார் ஒன்று வாங்கினேன். மேலே ஸ்ப்ரூஸ், பின்னாலும் பக்கத்திலும் ரோஸ்வுட். ரோஸ்வுட் என்றால் நம்ம ஈட்டி மரம்தான். பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமல் போனதால் 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் மரம் கப்பலேறிப் போய், கிட்டாராகித் திரும்பி வந்து, என்னிடம் போனஸ் முழுவதையும் வாங்கிக்கொண்டது என்று மச்சினனிடம் சொன்னேன். "அத்தான், அந்தக் காசுக்கு ஊர்ல மரமாவே வாங்கியிருக்கலாம்" என்றான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் பண்ணிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது தப்பிக்கட்டும். கம்பி உயர்ந்துவிட்டது என்று சேடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டை, கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தேன். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது வாசிக்க. ஜனவரி வந்தது, காற்று காய்ந்தது, பலகை இறங்கியது, கம்பி எல்லா ஃப்ரெட்டிலும் உரசி 'ஙீ' என்று கத்த ஆரம்பித்தது. இசைக்கருவிக் கடைகள் இருக்கும் தோபி தலாவ் போய் இன்னொரு எலும்பு சேடில் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அந்த கிட்டாருக்கு இரண்டு சேடில்கள். ஒரு சின்ன டப்பாவில் 'மழை', 'குளிர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜூன் கடைசியில் ஒன்று, நவம்பரில் மற்றது. கூடவே கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஒரு வருஷம் வெளியூர் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், பெட்டியின் வெல்வெட்டிலும் தோல் பட்டையிலும் வெள்ளையாகப் பூஞ்சணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூடவே இருந்த மலிவான பிளைவுட் கிட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது அவ்வளவாக விரியாது. சத்தமும் அதற்கேற்ற மாதிரிதான், பலசரக்குக் கடைத் தகரடப்பா. நல்ல மரம்தான் இந்த ஊரில் அதிகம் அவதிப்படுகிறது. மூன்றாவது, நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். மாதம் ஒருமுறை தொட்டால் அதிகம்.

கார்பனுக்குப் போகக் காரணம், வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். டிசம்பரில் ராத்திரி எட்டு மணிக்கு டெம்போவில் ஏறினால் இறங்க இரண்டு, மூன்று மணி. பனி, தூசி, ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் முறுக்கும், பிசுபிசுத்த கை. நல்ல கிட்டாரை எடுக்க மனசு வராது, பிளைவுட் கிட்டாரோ தப்பட்டைக்கு நடுவில் கேட்கவே கேட்காது. இதே மாதிரி ஒரு யோசனைதான் ஹவாய் தீவில் இருந்த ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளருக்கும் வந்திருக்க வேண்டும். கடற்காற்றையும் வெயிலையும் தாங்கும் கார்பன் கிட்டாரை உருவாக்கி 90-களில் சந்தைக்குக் கொண்டுவந்தார். கம்பெனிக்கு ரெயின்சாங் என்று பெயர், மழைப் பாட்டு! ஒவேஷன் கம்பெனி 1976-லேயே கார்பன் மேல்பலகை போட்ட அடமாஸ் கிட்டாரைக் கொண்டுவந்திருந்தது. இப்போது அயர்லாந்தில் எமரால்டு, அமெரிக்காவில் மெக்ஃபர்சன், க்ளோஸ், சீனாவில் லாவா, என்யா என்று பலர் செய்கிறார்கள். நான் வாங்கியது எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. இது ஒரு மாடலுக்கான மதிப்பெண் பட்டியல் இல்லை.

நாலு மழைக்காலத்தில் கம்பி உயரம் ஒரு முடி அளவு கூட மாறவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, அதுதான் இதன் பெருமை. சேடிலைத் தொடவில்லை, ட்ரஸ் ராடைத் தொடவில்லை. வீட்டில் சுவரோரம் சும்மா சாத்தி வைத்திருக்கிறேன். செம்பூரில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கும்போது ஒருநாள் கூட்டம் பையோடு என்னைப் பிளாட்பாரத்தில் தள்ளியது. கிட்டார்மேல் நான் விழுந்தேன். ஓரத்தில் மேல்பூச்சு கடுகளவு பெயர்ந்தது, எனக்கு முழங்கால் பெயர்ந்தது.

முக்கியமான மாற்றம், அதிகம் வாசிக்கிறேன். பெட்டியைத் திறந்து, துடைத்து, சுருதி சேர்த்து, மறுபடி மூடி வைக்கும் சடங்கு இல்லாததால், சோறு வெந்து விசில் வரும் வரைக்கும்கூட ஒரு பாட்டு வாசித்துவிட முடிகிறது.

குறைகளும் உண்டு. விளம்பரத்தில் இவற்றை எழுத மாட்டார்கள். கிட்டார்தான் கார்பன், கம்பி பழைய இரும்புதான். செம்பூர்க் காற்றுக்கும் என் வியர்வைக்கும் சாதாரணக் கம்பி மூன்று வாரத்தில் துருப்பிடிக்கும். கோட்டிங் போட்ட கம்பி போட்டால் மூன்று மாதம் வருகிறது, விலையும் அதற்கேற்றபடி. அப்புறம், பளபளவென்ற முதுகு மடியில் நிற்காது. மே மாதம் வியர்த்த கையோடு வாசித்தால் சோப்புக் கட்டியைப் பிடித்த மாதிரி நழுவும். நான் பின்பக்கம் சின்ன ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன், பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. கறுப்பு உடம்பு வெயிலில் கொதிக்கும்.

பெரிய குறை ரிப்பேர். மூன்றாம் வருஷம், ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்ப உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் கரகரத்தது. பத்து வருஷமாக என் மர கிட்டார்களைப் பார்க்கும் ரிப்பேர்காரர் சவுண்ட் ஹோல் வழியாகக் கையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். மரத்தில் ஒரு ஆணி, ஒரு ஆப்பு, கொஞ்சம் கோந்து என்று எதையாவது செய்துவிடுவார். இதில் துளை போட அவருக்குப் பயம். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மின்சாரமும் கடத்தும் என்பதால் அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பார்சலில் அனுப்பி, ஆறு வாரம் கழித்து வந்தது. அந்த ஆறு வாரமும் சபையில் வாசித்தது மரம்தான்.

சத்தம் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் காதில் பட்டது இது. கார்பனில் எல்லா சுரமும் ஒரே தெளிவு, ஒரே நீளம். தனியாக வாசித்தால் மணி மாதிரி. ஆனால் ஒலி சீக்கிரம் அடங்காது, கார்டு மாறும்போது முந்தின கார்டின் வால் அடுத்ததின் மேல் கிடக்கும். மரத்தில் சுரம் எழுந்து சட்டென்று உலர்ந்துவிடும், அந்த இடைவெளியில் குரல் உட்கார இடம் இருக்கும். ஒரு ஜனவரி ராத்திரி மனைவியையும் மச்சினனையும் பக்கத்து அறையில் உட்காரவைத்து, ஒரே கீர்த்தனையை இரண்டிலும் வாசித்தேன். பாடாமல் வாசித்தபோது மச்சினன் கார்பன்தான் நல்ல கிட்டார் என்றான். பாடிக்கொண்டே வாசித்தபோது மனைவி, "ஏங்க, ரெண்டாவதுல உங்க குரல் கேக்குது, மொதல்ல வாசிச்சதுல கிட்டார்தான் கேக்குது" என்றாள். இரண்டாவது மரம். என் குரல் கேட்பது நல்லதா என்று நான் கேட்கவில்லை.

சரி, விற்ற கதை. முதலில் விற்றது நைலான் கிட்டாரை. தொடுவதே இல்லையே என்ற கணக்கு. அது தப்புக் கணக்கு. கார்பன் வந்ததால் தேவையற்றுப் போனது ஸ்டீல் கம்பி கிட்டார்கள்தான். நைலானின் வேலையை அது செய்யாது. விற்ற எட்டாம் மாதம் ஒரு நினைவு ஆராதனையில் மெதுவாக விரலால் வாசிக்கச் சொன்னார்கள், கார்பன் அந்தச் சின்ன ஹாலில் கணீர் என்று ஒலித்துத் தொலைத்தது. எதைக் குறைவாக வாசிக்கிறோம் என்று பார்த்து விற்காதீர்கள், புதியது எதற்கு மாற்றாக வந்தது என்று பாருங்கள்.

பிளைவுட் கிட்டாரை ஞாயிறு பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்.

ஈட்டி மர கிட்டாரை 2023 ஆகஸ்டில் விற்பனைக்குப் போட்டது இரண்டாவது தப்பு. மழையில் உப்பிய பலகையையும் உயர்ந்த கம்பியையும் பார்த்து, வந்த மூன்று பேரும் பிரிட்ஜ் பெயர்கிறது என்று சொல்லி, 68 ஆயிரத்துக்கு வாங்கியதை 20-க்குக் கேட்டார்கள். மர கிட்டாரை மும்பையில் விற்பதென்றால் ஜனவரி, பிப்ரவரியில் விற்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் இன்னொன்று: 2017-இல் ஈட்டி வகை மரங்கள் எல்லாவற்றுக்கும் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது, 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஜனவரியில் மறுபடி போட்டேன். புனேவிலிருந்து ஒருவர் 45 ஆயிரம் தருவதாகச் சொன்னார். அங்கே காற்று இவ்வளவு ஈரம் இல்லை, கிட்டாருக்கும் நல்லது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் வருவதற்கு முந்தின ராத்திரி 'குளிர்' சேடிலை மாட்டி, புதுக் கம்பி போட்டு, கடைசியாக ஒரு பாட்டு என்று உட்கார்ந்தேன். மணி ஒன்றரை வரை எழுந்திருக்கவில்லை. காலையில் அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை, ஹோ ஜாதா ஹை, இப்படி ஆவதுதான் என்றார்.

இப்போது நடைமுறை இதுதான். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மரம், கம்பிகளின் சுருதியை ஒரு முழு சுரம் இறக்கி, பெட்டிக்குள், ஏசி ஓடும் அறையில். வாரம் ஒருமுறை திறந்து காற்றாடவிட்டு, சிலிக்கா ஜெல்லை மாற்றுவேன். நவம்பரில் வெளியே வரும். மார்ச் வரை வீட்டில் அதுதான். கேரலுக்கும் ரயிலுக்கும் மழைக்கும் கார்பன். இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது.

புனேக்காரர் என் நம்பரை அழிக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் மழை பிடித்ததும் ஒரே ஒரு வரி வரும்: "பேச்னா ஹை க்யா?" (விற்கிறீர்களா?) இந்த வருஷமும் வந்தது, உப்பிய பலகையைப் பார்த்து நான் எரிச்சலில் இருந்த அதே நாளில். ஜனவரியில் கேளுங்கள் என்று பதில் போட்டேன்.