இருந்த இடத்திலேயே பட்டாவா, ஊருக்கு வெளியே அடுக்குமாடியா?

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் போன்ற டெல்டா நகரங்களில் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கு நிலத்திலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகளே வைக்கப்படுகின்றன. ஆட்சேபணையற்ற புறம்போக்காக, அதாவது நீர்நிலை போன்ற பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்படாத அரசு நிலமாக இருந்தால், அந்த இடத்துக்கே பட்டா கொடுத்து வீடு கட்ட மானியம் தருவது ஒன்று. குடும்பங்களை அகற்றி நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடியமர்த்துவது மற்றொன்று. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு இரண்டு வழிகளையும் கையாள்கிறது.

கட்டடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அடுக்குமாடியே மேல். தனிக் கழிப்பறையும் கான்கிரீட் தளமும் சிறிய வசதிகள் அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது கீற்றுக் கூரைகள் பறந்ததைக் கண்டவர்கள் அவற்றைக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

தஞ்சையில் நான் பழகிய வாய்க்கால் கரைத் தெரு ஒன்றில், ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்த பிறகு குறுவை நடவுக்குப் பெண்கள் விடியற்காலையில் ஒரே கோஷ்டியாக வேனில் கிளம்புவார்கள். கைக்குழந்தைகளை ஒரு பாட்டியின் திண்ணையில் விட்டுச் செல்வார்கள்; அவருக்கு அன்றைய சோறும் குழம்பும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வந்துவிடும். சீட்டும் கைமாற்றும் அந்தத் திண்ணையில்தான் நடந்தன. நள்ளிரவில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் மூன்றாம் வீட்டு ஆட்டோ புறப்படும். தெருவைக் காலி செய்தபோது குலுக்கலில் வீடு ஒதுக்கினார்கள். பாட்டிக்கு மூன்றாம் மாடி கிடைத்தது, நடவுக் கோஷ்டி வெவ்வேறு பிளாக்குகளில் சிதறியது, அவ்வளவு தூரம் வந்து ஏற்றிச் செல்ல வேன்காரர் சம்மதிக்கவில்லை. பிறகு ஒருநாள் போனபோது, பாட்டி கிரில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். "பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாச்சு தம்பி, யாருகிட்ட சொல்லி வாங்குறதுன்னு தெரியல" என்றார்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அது உடல்நலத்தையும் ஆயுளையும் பாதிக்கிறது என்றும் உலக சுகாதார அமைப்பு 2025-இல் அறிவித்தது. அண்டை வீட்டாரை இழப்பது நோய்க்கு வழிவிடுகிறது என்பதை வீடு ஒதுக்கும் திட்டங்கள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பட்டா வழியிலும் குறைகள் உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு ஒன்றிய அரசின் பங்கு 1.5 லட்சம் ரூபாய். மாநில அரசின் பங்கைச் சேர்த்தாலும் செலவுக்குப் போதாமல் பலர் வட்டிக்கடனில் விழுகிறார்கள். கழிவுநீர்ச் சிக்கலும் அப்படியே தொடரலாம். ஆனால் தெரு கலையாமல் இருந்தால் அதற்கும் வழி பிறக்கிறது. திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்கள் சமுதாயக் கழிப்பறைகளைக் கட்டணம் வசூலித்துத் தாங்களே பராமரித்துக் காட்டியிருக்கின்றன. முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி அத்தகைய குழுவை ஒரே நாளில் அமைத்துவிட முடியாது.

ஊர்க் கட்டுக்கோப்பைப் புகழ்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் நாகை மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துகள் நிவாரணத்தை வேகமாகக் கொண்டுசேர்த்தன. அதே வேளையில் அந்த அமைப்புக்கு வெளியே இருந்த தலித் கூலித் தொழிலாளர்களும் ஆண் துணையற்ற பெண்களும் பட்டியலில் பின்தங்கினார்கள்.

ஆகவே பட்டா தரக்கூடிய இடத்தில் பட்டாவே என் தேர்வு. நீர்நிலைப் புறம்போக்கில் அதற்குச் சட்டம் இடம் தராது. வெள்ளம் புகும் வாய்க்கால் கரையில் மக்களை விட்டுவைப்பதும் நியாயமாகாது. அங்கே குலுக்கலைக் கைவிட்டு, ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே பிளாக்கும், முதியவர்களுக்குத் தரைத்தளமும் ஒதுக்கலாம். யார் வீட்டுக் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், யார் யாருடன் வேலைக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ள, அப்படிப்பட்ட ஒரு தெருவுக்கு ஒரு நாள் போதும்.