ஜெட் ஸ்கி சிடிஐ பெட்டி: சிலிக்கனா, எபொக்சியா, கிரீஸா?

நுவரெலியா கிரகரி வாவியில் ஓடும் ஜெட் ஸ்கி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், நான் முதலில் திறப்பது சீட்டுக்குக் கீழே இருக்கும் மின் பெட்டியைத்தான். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்னணுப் பாகம்), இக்னிஷன் கொயில், ஸ்டார்ட்டர் ரிலே எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கும். சிடிஐயின் கண்டென்சரில் சில நூறு வோல்ட் சேரும், கொயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும். அந்த அழுத்தத்தில் மின்சாரம் வழிமாறிப் போக ஒரு மெல்லிய ஈரப் படலமே போதும். அந்த ஈரத்தைத் தடுக்க எதைப் பூசுவது என்பதுதான் கேள்வி.

கரையோரத்தில் எல்லாரும் பயப்படுவது உப்புத் தண்ணீருக்கு. இங்கே வாவித் தண்ணீர் நன்னீர், அந்தக் கவலை இல்லை. ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில், பொழுது சாய்ந்ததும் மூட்டம், ஜனவரி பெப்ரவரியில் புல்லில் உறைபனி. ஓடி முடித்த வண்டியின் பெட்டிக்குள் காற்று 60 பாகைக்குச் சூடேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பாகைக்கு ஆறும்போது அது எட்டில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பில், வயர் நுழையும் ரப்பர் வழியாக ஏதாவது உள்ளே வந்தே தீரும்: ஹல்லில் (வண்டியின் கூட்டுக்குள்) தேங்கிய தண்ணீரோ, வெளியில் நிற்கும் மூட்டமோ. வந்த ஈரம் இரவில் மூடியின் அடியில் துளித்துளியாகக் கட்டிவிடும்.

அதனால்தான் பெட்டியைச் சுற்றிச் சிலிக்கன் பூசி அடைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளித் தண்ணீரை அது தடுக்கும், சரி. ஆனால் ஒரு சின்ன இடைவெளி விட்டாலும், உள்ளே போன ஈரம் திரும்ப வெளியே வராது. இன்னொன்று, ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கனில் பல, காயும்போது வினாகிரி மணம் வீசும். அந்த மணம் அசிட்டிக் அமிலத்தினுடையது, அது செம்பைத் தின்னும். கடலோரப் பெந்தோட்டைப் பக்கமிருந்து மேலே வந்த ஒரு வண்டியில், கனெக்டருக்குள் யாரோ இந்தச் சிலிக்கனைத் திணித்திருந்தார்கள். கத்தியால் கீறி எடுத்தேன். உள்ளே பின்கள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன, ஒரு வயர் கையோடு கழன்று வந்தது. சிலிக்கன்தான் வேண்டுமென்றால், மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எபொக்சி ஊற்றி நிரப்புவது தண்ணீருக்கு எதிராக மிக உறுதியானது. அதிர்வையும் தாங்கும். ஆனால் கல்லாக இறுகியபின் ஒரு பாகத்தையும் மாற்ற முடியாது. சூட்டிலும் குளிரிலும் அது விரியும் அளவு வேறு, சர்க்கிட் பலகை விரியும் அளவு வேறு. அதில் சோல்டர் வெடிப்பு விடும். அப்புறம், பெரும்பாலான சிடிஐகள் தொழிற்சாலையிலேயே பிசின் நிரப்பித்தான் வருகின்றன. அதன்மேல் நாம் ஊற்றி என்ன பயன்? நான் பார்த்தவரை பழுது தொடங்குவது வயர் நுனியில், கனெக்டரில், பிளக் கெப்பில்.

ஆகவே என் கை போவது சிலிக்கன் கிரீஸுக்கு. அது மின்சாரம் கடத்தாது. கனெக்டரை அழுத்திப் பூட்டும்போது உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் விலகிவிடும், மற்ற இடங்களில் ஈரம் நுழையாமல் நிற்கும். பிளக் கெப்பின் ரப்பர் உட்புறத்திலும் மெல்லியதாகத் தடவலாம். ஆனால் முதலில் கொன்டக்ட் கிளீனரால் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். கடலில் ஓடிய வண்டியில் உப்பின் மேல் கிரீஸ் பூசினால் உப்பைப் பத்திரப்படுத்தியதாகத்தான் ஆகும். வாசலின் அவசரத்துக்கு உதவும், எஞ்சின் சூட்டில் உருகி வழிந்துவிடும், சில ரப்பரையும் ஊதவைக்கும்.

வயர் ஒட்டுகளுக்கு, உள்ளே பசை உள்ள சுருங்கு டியூப்பை விட நல்லதை நான் காணவில்லை. சூடு காட்டியதும் இரண்டு நுனியிலும் பசை பிதுங்கி வரவேண்டும். வராவிட்டால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

காசு மிச்சம் பிடிக்க ஓட்டோவின் ரிலேயையோ ஸ்டார்ட்டரையோ இதில் மாட்டாதீர்கள். ஹல்லுக்குள் பெற்றோல் ஆவி தங்கும். கடல் வாகனத்துக்கான பாகங்களின் தீப்பொறி வெளியே போய் ஆவியைப் பற்றவைக்காதபடி மூடப்பட்டிருக்கும், தரை வண்டிப் பாகத்தில் அந்த ஏற்பாடு இல்லை. பொறி வருகிறதா என்று பார்க்கும் முன்னும் சீட்டைத் தூக்கிக் காற்றோட விடுங்கள்.

பெட்டி மூடிக்குக் கம்பெனி கொடுத்த ரப்பர் வளையமான ஓ ரிங்கே போதும், வெடிப்பில்லாமல் இருக்கட்டும். ஏப்ரல் சீசன் முடிந்ததும், வெயிலான ஒரு மத்தியானத்தில் எஞ்சினை ஆறவிட்டு மூடியைத் திறப்பேன். துணியால் துடைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, மூட்டம் இறங்கும் முன் மூடிவிடுவேன்.