பி.எட் காலேஜ்ல டீச்சிங் எய்ட்ஸ் எங்க இருக்கணும்: லேப் பீரோலயா, லைப்ரரிலயா, மொபைல்லயா?

சார்ட், குளோப், கணிதக் கட்டை, கதைப் புத்தகம், ஸ்கூல் பாடப்புத்தகம், இதெல்லாம் காலேஜ்ல யார் பொறுப்புல இருக்கணும்னு புதுசா சேர்ற லைப்ரரியன்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எங்க காலேஜ்ல லேப்ல இருந்ததை எடுத்து லைப்ரரிக்குள்ள தனிப் பிரிவா போட்டு, புத்தகம் மாதிரியே இஷ்யூ பண்றோம், அதனால நான் எந்தப் பக்கம்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. மத்த ரெண்டு வழிலயும் நல்லது இருக்கு, அதையும் சொல்றேன்.

ஆசிரியர் பயிற்சிக் காலேஜுக்கெல்லாம் விதி போடற மத்திய அமைப்பான என்சிடிஇ 2014ல போட்ட விதிலதான் பி.எட் ரெண்டு வருஷம் ஆச்சு. லைப்ரரில 1000 தலைப்புல 3000 புத்தகம், வருஷத்துக்கு 200 புதுத் தலைப்பு, அதோட கற்பிக்கிற பொருளுக்கு கரிக்குலம் லேப்னு ஒண்ணு. பொருள் இருக்கணும்ங்கிறது விதி, அதை எப்படிப் புழக்கத்துல விடறதுங்கிறது நம்ம தலைவலி. அதே விதிலதான் ரெண்டாம் வருஷம் 16 வாரம் ஸ்கூல் இன்டர்ன்ஷிப்பும் வந்துச்சு, இதுதான் எல்லாத்தையும் மாத்திடுச்சு. மைக்ரோ டீச்சிங்குக்கு (காலேஜுக்குள்ளயே சில நிமிஷம் பாடம் நடத்திப் பழகுறது) ஒரு சார்ட்டை எடுத்துட்டு சாயங்காலம் திருப்பி வச்சா போதும், 16 வாரத்துக்கு அது ஆகாது, பொருள் காலேஜை விட்டு வெளிய போயே ஆகணும்.

மொபைல் வழியை சீக்கிரம் பாத்துடலாம். பாடத்துக்கான வீடியோ, பயிற்சி எல்லாம் டிஜிட்டலா கிடைக்கிற மாதிரி 2017ல தீக்ஷா தளம், 2018 புதுப் பாடத்திட்டப் புத்தகங்கள்ல க்யூஆர் கோடு, 2019ல கல்வித் தொலைக்காட்சி, 2023ல மணற்கேணி ஆப்னு வரிசையா வந்துருச்சு. கதைக்கு ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட் இருக்கு, கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ங்கிறதால தாராளமா பிரிண்ட் எடுத்து கிளாஸ்ல குடுக்கலாம். இடம் வேண்டாம், தூசி தட்ட வேண்டாம், காணாமலும் போகாது. இதயம் எப்படி சுருங்கி விரியுதுன்னு காட்ட அனிமேஷன்தான் பெஸ்ட், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா சின்ன கிளாஸ்ல கடன் வாங்கிக் கழித்தல் நடத்துறப்போ, பத்து மதிப்புள்ள ஒரு குச்சியைக் குடுத்துட்டு பத்து ஒத்தைக் கட்டையா மாத்தி வாங்குற வேலையை அந்தப் பிள்ளையோட கைதான் செய்யணும், ஸ்க்ரீன்ல அதைப் பாத்தா பத்தாது. ட்ரெயினிக்கு (பி.எட் படிக்கிறவங்களுக்கு) ஒதுக்குற ஸ்கூல்ல ப்ரொஜெக்டர் இருக்குமா, இருந்தாலும் அந்த பீரியடுக்குக் கிடைக்குமாங்கிறது வேற. கூட வச்சுக்கலாம், அதை மட்டுமே நம்ப முடியாது.

அடுத்தது லேப் பீரோ, நிறைய காலேஜ்ல இன்னமும் இதுதான் நடைமுறை. கணிதப் பொருள் கணித ஸ்டாஃப்கிட்ட, சயின்ஸ் பொருள் சயின்ஸ் ஸ்டாஃப்கிட்ட. இதுல பெரிய லாபம், பொருளைத் தெரிஞ்சவங்க கையிலயே அது இருக்குது, எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும்னு அவங்க சொல்ற மாதிரி என்னால சொல்ல முடியாது. பிரச்சனை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கு. பொருளெல்லாம் அந்த ஸ்டாஃப் பேர்ல நிக்கும், வருஷக் கடைசி வெரிஃபிகேஷன்ல ஒண்ணு குறைஞ்சா அவங்கதான் பதில் சொல்லணும், வேலை மாறிப் போகும்போது சார்ஜ் குடுக்காம ரிலீவ் ஆக முடியாது. அப்புறம் எந்த மனுஷன் ஒரு குளோபை நாலு மாசத்துக்கு வெளிய அனுப்புவார்? பூட்டி வைக்கத்தான் செய்வார், அவரைக் குறை சொல்லி என்ன பண்ண. ஆனா அந்தப் பூட்டுக்கு விலை குடுக்கறது ட்ரெயினிங்தான். 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு அப்புறம் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல்ல, கார்டெல்லாம் பிள்ளைங்க கைக்கு எட்டுற தட்டுல இருந்துச்சு, 2022ல சின்ன வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் பொருளை பிள்ளைங்க கையில குடுத்துதான் பாடம். அப்படிப்பட்ட வகுப்பறைக்குப் போகப் போறவங்களுக்கு நாம பொருளைக் கண்ணாடிக் கதவுக்குள்ள காட்டி அனுப்புறது எனக்கு மனசு ஒப்பவே இல்ல.

இப்போ லைப்ரரி. கேட்லாக், பார்கோடு எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. பொது அடுக்குலயே கலந்து வைக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க, டியூயிங்கிற நூல் வகைப்பாட்டு எண் முறையில தொடக்கப்பள்ளிக் கணிதம் கற்பிக்கிறது 372.7ல போகும், உயர்நிலை வகுப்புக்கானது 510.71 பக்கம் போகும், ட்ரெயினி வந்து "ஏழாங் கிளாஸ் பின்னம், என்ன இருக்கு?"ன்னுதான் கேப்பாங்க, அதனால தனி ரேக்ல வகுப்பு, அதுக்குள்ள பாடம்னு வச்சுட்டோம். அமெரிக்காவுல ஏசிஆர்எல்ங்கிற கல்லூரி நூலகர் அமைப்பு இந்த மாதிரிப் பிரிவுக்குன்னே தனி வழிகாட்டி போட்டிருக்கு, அங்க இது ரொம்ப நாளா நடக்குற விஷயம்.

என்னைக் கேட்டா முடிவு பண்ண வேண்டியது பராமரிப்பை வச்சுத்தான். புத்தகம் திரும்பி வந்தா பக்கம் கிழிஞ்சிருக்கான்னு ஒரு புரட்டு புரட்டினா போச்சு. ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்னு இடமதிப்பு சொல்லிக் குடுக்குற ஒரு பத்தடிமானக் கட்டை செட்டுல 100 ஒத்தைக் கட்டை, 10 குச்சி, 10 நூறு பலகை, 1 ஆயிரம் கட்டைன்னு 121 துண்டு இருக்கும். கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடறவங்க எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கலைன்னா கடையை மூட வேண்டியதுதான், இதுவும் அதேதான். இப்படி எண்ணி வாங்குறதை தினசரி வேலையா வச்சிருக்கிற ஒரே இடம் காலேஜ்ல லைப்ரரி கவுண்டர்தான், ஸ்டாஃப் கிளாஸுக்குப் போயிடுவாங்க, கவுண்டர்ல யாராவது ஒருத்தர் இருந்துக்கிட்டே இருப்பாங்க.

நாங்க எப்படி செய்றோம்னா, ஒரு கிட்டுக்கு, அதாவது ஒரு பெட்டி முழுசுக்கும், ஒரே ஒரு அக்சஷன் நம்பர் (லைப்ரரி பதிவு எண்), துண்டு துண்டா நம்பர் போடறது வேலைக்கு ஆகாது. பெட்டி மூடிக்கு உள்பக்கம் எல்லாத்தையும் பரப்பி வச்சு எடுத்த ஃபோட்டோ, கீழ துண்டுக் கணக்கு, மேல செல்லோடேப். கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேர்ல, ஐட்டம் ரெக்கார்டுல 952 சப்ஃபீல்டு 3ங்கிற கட்டத்துல "121 துண்டு, ஒரு கையேடு"ன்னு அடிச்சு வச்சா இஷ்யூ பண்ணும்போதும் ரிட்டர்ன் வாங்கும்போதும் அது ஸ்க்ரீன்ல வந்து நிக்கும், கவுண்டர்ல யார் உக்காந்திருந்தாலும் மறக்க வழியில்ல. 100 ஒத்தைக் கட்டையை யார் எண்றது, அதனால அதுங்களை ஒரு சுருக்குப் பையில போட்டு எடை போட்டு, எடையை மார்க்கர்ல பை மேலயே எழுதிட்டோம், சமையலறைக்கு வாங்குற சின்ன டிஜிட்டல் தராசு போதும், ரெண்டு கட்டை குறைஞ்சாலும் காட்டிக் குடுத்துடும். கூடுதலா ஒரு செட் வாங்கி அதை இஷ்யூவுக்கே விடாம உதிரிக்குன்னு வச்சிருக்கோம், குறையிற துண்டு அதுல இருந்து நிரம்பும். என்சிஇஆர்டி கிட் வாங்கினா கையேட்டுலயே பொருள் பட்டியல் இருக்கும், அதையே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கலாம்.

அப்புறம் தொலைஞ்சு போறது. மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017ல விதி 215 ஒண்ணு இருக்கு, இஷ்யூ ஆகுற இல்ல பார்வைக்கு எடுக்குற 1000 புத்தகத்துக்கு வருஷத்துல 5 தொலைஞ்சா, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமா இல்லாத பட்சத்துல, அதை நியாயமான இழப்பா எடுத்துக்கலாம், 1000 ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா விசாரிச்சே ஆகணும். நிறைய காலேஜ் லைப்ரரில இதைத்தான் கைகாட்டுறாங்க. வெளிய போற பொருள்ல கொஞ்சம் குறையத்தான் செய்யும்னு ஏத்துக்கிட்ட ஒரு ஏற்பாடு லைப்ரரிக்கு இருக்கு, லேப் ஸ்டாஃபுக்கு அது கிடையாது, பூட்டுக்கும் புழக்கத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசமே இதுதான். விதி புத்தகத்தைப் பத்தித்தான் பேசுது, கிட்டைப் பத்தி இல்ல, அதனால நூலகக் குழுவுல கிட்டுக்கும் இதே மாதிரி நடத்தலாம்னு தனியா தீர்மானம் போட்டு பிரின்சிபால் கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க, இது இல்லாம ஆரம்பிக்காதீங்க.

பாடப்புத்தகமும் பராமரிப்புக் கணக்குலதான் வரும். 2018ல 1, 6, 9, 11ன்னு மாறி அடுத்த வருஷம் மிச்சமும் மாறினப்போ பழைய சமச்சீர் புத்தகமெல்லாம் லெசன் பிளானுக்கு உதவாம போச்சு. ட்ரெயினி பழைய புத்தகத்தைப் பாத்து பிளான் எழுதிட்டு போனா, ஸ்கூல்ல வழிகாட்டுற கைடு டீச்சர் முன்னாடி நிக்கவே முடியாது. புதுசு வந்த உடனே பழசை ரேக்ல இருந்து எடுக்கணும், ஆனா ஒவ்வொரு பதிப்புலயும் ஒரு காப்பி "பார்வைக்கு மட்டும்"னு வைங்க, பாடநூல் அலசல் அசைன்மென்ட் பண்றவங்களுக்கும் எம்.எட் பிள்ளைங்களுக்கும் தங்கம் அது. கண்டம் பண்ற (உதவாததைக் கணக்குல இருந்து நீக்குற) வேலையும் லைப்ரரிக்குப் பழகினது, லேப்ல யாரும் தொட மாட்டாங்க.

குறை இல்லாம இல்ல. இன்டர்ன்ஷிப் சமயத்துல எல்லாரும் ஒரே மாசத்துல கிளம்புவாங்க, எல்லாருக்கும் அதே பின்னக் கட்டை வேணும். ஆளுக்கு ஆள் குடுக்காம ஸ்கூலுக்கு ஒரு செட்னு அங்க போற குழுவுல ஒருத்தர் பேர்ல இஷ்யூ பண்றோம், ஓரளவு சமாளிக்குது, முழுசா தீரலை. ஸ்பெஷல் பி.எட் (மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கான ஆசிரியர் பயிற்சி) பக்கம் என் அனுபவம் கம்மி, டெய்லர் ஃப்ரேம் (பார்வையில்லாதவங்க கணக்குப் போடற பலகை), பிரெய்ல் பொருள் எல்லாம் பயிற்சி இருக்கிறவங்க கண் முன்னாடியே இருக்கிறதுதான் சரின்னு தோணுது, அங்க வேலை பாக்கறவங்க சொன்னா கேட்டுக்கிறேன். ரொம்பப் பெரிய பல்கலைக்கழகத் துறைக்கு எங்க வழி தாங்குமான்னும் உறுதியா சொல்ல மாட்டேன்.

மைக்ரோஸ்கோப், சைக்காலஜி லேப் கருவி, கெமிக்கல் இதையெல்லாம் லேப்ல இருந்து எடுக்காதீங்க, அதுக்கு லேப்தான். மிச்சத்தை மாத்துறப்போ ஒரேடியா மாத்தாம முதல்ல கணிதம் மட்டும் எடுங்க, எண்ணிக்கை சுலபமா ஒத்துப் போகும். லேப் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல "நூலகத்துக்கு மாற்றப்பட்டது"ன்னு வரி எழுதி லைப்ரரி அக்சஷன் நம்பரைப் பக்கத்துலயே குறிச்சு, ரெண்டு பேரும் ரெண்டு ரெஜிஸ்டர்லயும் கையெழுத்துப் போட்டுருங்க. எந்தப் பொருள் வாங்கணும்ங்கிற முடிவை மட்டும் அந்தந்தப் பாட ஸ்டாஃப் கையிலயே விடுங்க, பொருளைத் தெரிஞ்சவங்க அவங்கதான்.