பழி கம்ப்ரஸர் மேல், பழுது போர்டில்: இன்றைய சமையலறைச் சாதனங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

இன்று விற்கும் சமையலறைச் சாதனங்களில் உழைக்கிற பாகம் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பின் செம்புச் சுருள், ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர், மைக்ரோவேவின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கக்கூடியவை. முதலில் படுப்பது அவற்றை இயக்குகிற சின்ன மின்னணு போர்டுதான். அதிலும் முழு போர்டு போவது அபூர்வம்: உலர்ந்துபோன ஒரு கெப்பாசிட்டர் (மின்னைத் தேக்கி வைக்கும் பாகம்), கருகிய ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பாகத்தை போர்டோடு பிணைக்கும் இடத்தில் விரிசல் விட்ட ஒரு ஈயப் பற்று. ஆனால் பழுது பார்க்க வருகிறவர் வாயிலிருந்து வருவது இரண்டே தீர்ப்பு: “போர்டு மாத்தணும்” அல்லது “இது இனி தேறாது, புதுசு வாங்கிடுங்க.” எந்தப் பழுதுக்கு இந்தத் தீர்ப்பு நியாயம், எதற்கு இல்லை என்று ஒவ்வொரு சாதனமாகப் பார்க்கலாம்.

முதலில் இண்டக்‌ஷன் அடுப்பு. புகார்களில் முதலிடம் இதற்குத்தான். வேலை செய்யும் விதம் எளிது. வீட்டு மின்சாரம் பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் நேர்மின்சாரமாகிறது. ஐஜிபிடி என்ற சுவிட்ச் அதை நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் வெட்டிச் சுருளுக்கு அனுப்புகிறது. சுருளுக்கு இணையாக 0.27 அல்லது 0.3 மைக்ரோஃபாரட் அளவில் 1200 வோல்ட் தாங்கும் ரெசொனன்ஸ் கெப்பாசிட்டர் ஒன்று. ரெக்டிஃபையரை ஒட்டி 5 மைக்ரோஃபாரட் அளவில் இன்னொன்று. ஐஜிபிடியை இயக்க 18 வோல்ட், மூளைச் சிப்புக்கு 5 வோல்ட். ஒற்றை அடுப்பு மாடல்களில் பெரும்பாலானவை இதே வரைபடம்தான், மேலே ஒட்டிய பெயர் எதுவாக இருந்தாலும்.

“டப்” என்று சத்தம் கேட்டு அடுப்பு அணைந்தால் ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருக்கும்; கூடவே ஃபியூஸும், பல சமயம் ரெக்டிஃபையரும் போயிருக்கும். அவசர மெக்கானிக் மூன்றையும் மாற்றிப் பொருத்தி உடனே ஓடவிடுகிறார். பத்து நிமிடத்தில் மறுபடியும் “டப்”. காரணம் தேடப்படவே இல்லை. 18 வோல்ட் வழங்கும் பகுதியில் உள்ள சிறிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், சூடான ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) அருகிலேயே இருப்பதால் சீக்கிரம் உலர்கிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பழகிய கணக்கு. வோல்டேஜ் 18-இலிருந்து 12, 13 என்று சரிந்தால் ஐஜிபிடி முழுதாகத் திறக்காமல் அரைகுறையாக நின்று கொதித்துச் சாகிறது. ஆகவே புது ஐஜிபிடி வைக்கும் முன் 18 வோல்ட் சரியாக வருகிறதா, அதை இயக்கும் இரண்டு சின்ன டிரான்சிஸ்டர்களும், வோல்டேஜை எல்லைக்குள் நிறுத்தும் ஜீனர் டயோடும் நலமா, ரெசொனன்ஸ் கெப்பாசிட்டரின் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். பிறகு நேராக மின்சாரம் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுத் தர வேண்டும். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பல்பு புது பாகத்தைக் காப்பாற்றிவிட்டது. இந்த ஒரு பல்பு இல்லாமல் இண்டக்‌ஷன் அடுப்பைத் திறக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு பழுது ஆளை ஏமாற்றும். பாத்திரம் வைத்த பிறகும் “பாத்திரம் இல்லை” என்று அடுப்பு பீப் அடிக்கும். எல்லோரும் பாத்திரத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, சுருள் போய்விட்டது என்கிறார்கள். பெரும்பாலும் சுருள் பாவம். சுருளின் இரு முனைகளிலிருந்து, அவற்றின் வோல்டேஜை ஒப்பிடும் கம்பாரேட்டர் சிப்புக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்கள் (240, 330, 470 கிலோ ஓம் வகை) நாளடைவில் மதிப்பு ஏறி அல்லது கட் ஆகி நிற்கும். சில லட்சம் ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் மெகா ஓம் காட்டினால் ஆள் அகப்பட்டார். பாகம் அற்பமானது; கண்டுபிடிக்கப் பொறுமைதான் வேண்டும். முழு போர்டுக்குப் பணம் கேட்பது இங்கே துளியும் நியாயமில்லை.

பயன்படுத்துகிறவர் பக்கம் இரண்டு தவறுகள். காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. துணி, செய்தித்தாள், பிளாஸ்டிக் விரிப்பின் மேல் அடுப்பை வைத்தால் மூச்சு முட்டும். சமைத்து முடித்ததும் சுவரிலுள்ள சுவிட்சை உடனே அணைப்பது இரண்டாவது. உள்விசிறி ஓய்கிறவரை விட்டால்தான் ஹீட்சிங்க் சூடு தணியும். கண்ணாடியில் விரிசல் விட்டால் அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். கசியும் நீர் நேராக மின்னோட்டமுள்ள இடத்துக்குப் போகும்.

டச் பேனல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரக்கையும் உள்ள இடத்தில் தொடு பட்டன் வைப்பது மோசமான வடிவமைப்பு என்பது என் உறுதியான கருத்து. ஈரம் பட்டால் தானே தொட்டதுபோல் நினைத்து அணைகிறது. கீழே உள்ள ஸ்பிரிங் தொடர்புகள் துருப்பிடித்தால் ஒரு பட்டன் மட்டும் செத்துப்போகிறது. திருகு பட்டன் உள்ள மாடலில் கெடக்கூடியது ஒரு சுழல் சுவிட்ச். அதை எந்த மின்னணுக் கடைக்காரரும் மாற்றித் தருவார்.

அடுத்து ஃப்ரிட்ஜ். இங்கேதான் பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மேலே ஃப்ரீசர் குளிர்கிறது, கீழே அறை குளிரவில்லை: இந்தப் புகாருக்கு “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சொல்கிறவரை அப்படியே திருப்பி அனுப்பலாம். கேஸ் என்பது பெட்ரோல் போலச் செலவாகும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. கசிந்தால் ஒழியக் குறையாது. இந்தப் புகாரின் வழக்கமான காரணம், தானே பனி உருக்கும் ஃப்ரிட்ஜ்களில் பின்பக்கத் தகட்டுக்குள் எவாபரேட்டர் (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) மேல் பனி கட்டியாகி, விசிறி தள்ளும் காற்றை அடைத்துவிடுவது. பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். மறுபடி போட்டதும் ஒன்றிரண்டு வாரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆனால், பனி உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான் கோளாறு. ஹீட்டர், தெர்மல் ஃபியூஸ், பைமெட்டல் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் சுவிட்ச்) அல்லது சென்சார் என்று நான்கைந்து சிறு பாகங்கள். மல்டிமீட்டரில் சில நிமிட வேலை. ஹீட்டரில் மீட்டர் வைத்தால் ஓட்டம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கட். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், வடிகால் துளை பனியிலோ குப்பையிலோ அடைத்திருக்கிறது. வெந்நீரை மெல்ல ஊற்றினாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் ஓடவே இல்லையென்றால் தீர்ப்பு சொல்லும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கம்ப்ரஸரின் மூன்று பின்களில் எந்த இரண்டில் மீட்டர் வைத்தாலும் ஒரே ஓம் வர வேண்டும். மூன்றில் எதற்கும் கம்ப்ரஸரின் இரும்பு உடம்புக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டும் சரியென்றால் கம்ப்ரஸர் சுருள் நலமாக இருக்கிறது. சந்தேகம் போர்டு மேல் போக வேண்டும். (பழைய சாதாரண கம்ப்ரஸரில் கணக்கு வேறு: மூன்று அளவும் வேறுவேறாக இருக்கும், பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகை.) போர்டில் மின்சாரம் நுழையும் இடத்தில் வட்டமான வில்லை போல ஒரு வாரிஸ்டர் இருக்கும். மின்னழுத்தம் எகிறும்போது அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கிறது. அது கருகி ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் இரண்டையும் அதே அளவில் மாற்றினாலே பல போர்டுகள் உயிர் பெறும். வாரிஸ்டரை வெட்டியெறிந்துவிட்டு ஃபியூஸை மட்டும் போடுவது துரோகம். அடுத்த எகிறலில் போர்டே போகும். மோட்டாரை இயக்கும் பவர் மாட்யூல் வெடித்திருந்தால் மட்டும் போர்டு மாற்றம் என்பதை ஏற்கலாம்.

உண்மையிலேயே கேஸ் கசிந்திருந்தால் வேலை கடினம், எச்சரிக்கையும் தேவை. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பரவலாக இருப்பது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். தீப்பற்றக்கூடியது. அளவோ சில பத்து கிராம்தான், பின்பக்கத் தகட்டிலேயே எழுதியிருக்கும். அவ்வளவு குறைந்த அளவில் ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும். ஆகவே தராசில் வைத்து நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கேஜ் பார்த்து உத்தேசமாக ஏற்றுவது இதில் செல்லாது. இன்னொன்று, இந்த கேஸ் ஓடும் ஃப்ரிட்ஜில் குறைந்த அழுத்தப் பக்கம் வெளிக்காற்றை விடவும் தாழ்வான அழுத்தத்தில் இயங்கும். அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் போவது மட்டுமல்ல, காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். அதனால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்றி, வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே உள்ள ஈரத்தை இழுத்து, அதன் பிறகே கேஸ். பம்ப் கொண்டுவராமல் ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரையே ஓட்டிக் காற்றை வெளியேற்றுகிறவர், உங்கள் கம்ப்ரஸரின் ஆயுளைத்தான் செலவழிக்கிறார். குழாயில் குத்தி மாட்டும் வால்வை அப்படியே விட்டுப் போனால் அடுத்த கசிவு அந்த வால்விலிருந்தே தொடங்கும்.

“கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி” என்ற ஸ்டிக்கரை நம்பி ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் கம்ப்ரஸர் என்ற இரும்புக் குடத்துக்கு மட்டும். அதை இயக்கும் போர்டு, விசிறி, கேஸ், வேலைக்கூலி எதுவும் அதில் அடங்காது. கெடாத பாகத்துக்கு நீண்ட வாரண்டியும், கெடுகிற பாகத்துக்கு ஓராண்டும் கொடுப்பது வாங்குகிறவரை மதிக்கும் செயலல்ல.

மைக்ரோவேவ் பற்றிச் சுருக்கமாக. உள்ளே மைக்ரோவேவ் கதிரை உண்டாக்கும் மேக்னெட்ரானுக்கு ஏறத்தாழ 4000 வோல்ட் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டில் யாரும் மூடியைக் கழற்றக் கூடாது. வெளியிலிருந்தே பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று: உள்சுவரில் உள்ள அட்டை போன்ற மைக்கா தகடு. அதில் எண்ணெய் தெறித்துக் கருகினால் தீப்பொறி பறக்கும். அந்தத் தகட்டை மாற்றினால் போதும், மேக்னெட்ரான் போனதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கதவைத் திறக்கும்போதோ மூடும்போதோ ஃபியூஸ் போகிறதென்றால், கதவிலுள்ள மூன்று மைக்ரோ சுவிட்சுகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவு திறந்த நிலையில் கதிர் வெளிவராதிருக்கவே மானிட்டர் சுவிட்ச் வேண்டுமென்று ஷார்ட் செய்து ஃபியூஸை எரிக்கிறது. அந்த சுவிட்சை நேராக இணைத்து “சரி” செய்கிற மெக்கானிக்கை வீட்டுப் படியேற்றாதீர்கள்.

பாத்திரம் கழுவும் எந்திரத்தில் தண்ணீர் வடியாத புகாரில் பெரும்பகுதி, ஃபில்டரும் வடிகால் பம்ப்பின் இறக்கையும்தான். கண்ணாடித் துண்டோ குச்சியோ மாட்டியிருக்கும். தண்ணீர் சூடாகவில்லையென்றால் ஹீட்டரைக் குறை சொல்லும் முன் போர்டில் அதன் ரிலேவைப் பாருங்கள். அதிக மின்னோட்டம் போவதால் அதன் கால்களைச் சுற்றி ஈயம் வட்டமாக விரிசல் விடும். மறுபடி ஈயம் வைத்தால் தீர்ந்தது.

இவற்றுக்கு நடுவே மிக்ஸிதான் நிமிர்ந்து நிற்கிறது. கார்பன் பிரஷ், கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வட்டு), புஷ் (அச்சு சுழலும் வளையம்), சுழல் சுவிட்ச், அடியில் ஓவர்லோடு பட்டன். போர்டு இல்லாத மாடலில் கெடக்கூடிய எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். நின்றுபோனால் முதலில் அடியிலுள்ள சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். தீப்பொறி அதிகமென்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஜார் சுற்றாமல் மோட்டார் மட்டும் சத்தம் போட்டால் கப்ளரின் பல் போயிருக்கிறது. பல மாடல்களில் கப்ளர் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கப்படி இடப்பக்கம் முறுக்கிப் பலர் உடைத்துவிடுகிறார்கள். அதே மிக்ஸியில் டச் பட்டனும் டிஸ்ப்ளேவும் வைத்து வருகிற புது மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிர்வும் சூடும் உள்ள பெட்டிக்குள் போர்டை வைத்தால் ஈயப் பற்றுகள் எத்தனை நாள் தாங்கும்?

சர்வீஸ் சேவையை எடைபோட மூன்று அறிகுறி போதும். வந்தவர் மீட்டரை எடுத்தாரா? எந்தப் பாகம், ஏன் போனது என்று பெயர் சொன்னாரா? கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்தாரா? மூன்றும் இல்லாமல் பேனல் திறக்கும் முன்பே “போர்டு” என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். போர்டு மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய போர்டை விட்டுவிடாதீர்கள். தனியாக போர்டு பழுது பார்க்கிறவர்களிடம் அது சரியாகி, அடுத்த முறைக்குக் கைகொடுக்கலாம். சில நிறுவனங்கள் போர்டு முழுவதையும் ரப்பர் போன்ற பிசினில் மூழ்கடித்து விடுகின்றன. ஈரத்துக்குப் பாதுகாப்பு உண்மைதான், ஆனால் அதன் பிறகு எந்தக் கையும் அதில் ஈயம் வைக்க முடியாது.

உதிரிபாகம் கிடைப்பது நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது என்ற நிலையைச் சட்டத்தால் மாற்ற முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வீட்டு ஃப்ரிட்ஜுகளின் போர்டு, சென்சார், தெர்மோஸ்டாட் போன்றவற்றை அந்த மாடலின் கடைசி விற்பனைக்குப் பிறகும் குறைந்தது 7 ஆண்டு, கதவு ரப்பரை 10 ஆண்டு கிடைக்கச் செய்ய வேண்டும். கேட்டால் 15 வேலைநாளுக்குள் அனுப்ப வேண்டும். மற்ற இடங்களில் வாங்குகிறவர், கடையிலேயே “இந்த மாடலின் போர்டு தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருடம்?” என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதே வழி.

வாங்கிய அன்றே பின்பக்கத் தகட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள். மாடல் எண், வரிசை எண், கேஸ் வகை, கிராம் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஆறேழு வருடத்தில் அந்த ஸ்டிக்கர் சூட்டில் வெளுத்துவிடும், உதிரிபாகம் கேட்கப் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.