டோக்கன் வைத்திருப்போர் பட்டியலை எங்கிருந்து எடுப்பது?

எத்தீரியம் பிளாக்செயினில் ஒரு டோக்கனை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று அதன் ஒப்பந்தத்தையே (அதை இயக்கும் நிரலையே) கேட்டால் பதில் வராது. டோக்கன்களுக்காக 2015-இல் முன்மொழியப்பட்ட இ.ஆர்.சி.-20 தரத்தில், ஒரு முகவரியைக் கொடுத்து அதன் இருப்பைக் கேட்க 'பேலன்ஸ்ஆஃப்' உண்டு. முகவரிகளை வரிசையாகத் தரும் ஃபங்ஷன் கிடையாது. ஆகவே பழைய பரிமாற்றங்களை யாராவது படித்துக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

பிளாக்செயின் பதிவுகளைத் தேடிக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்திடம் அந்தக் கணக்கு தயாராக இருக்கிறது. ஒப்பந்த முகவரி, பக்க எண், பக்கத்துக்கு எத்தனை வரி என்று கொடுத்தால் போதும். ஆனால் கட்டணத் திட்டம் வேண்டும். அதே வேலையைச் செய்யும் பிளாக்ஸ்கவுட் திறமூலம், நாமே நிறுவிக்கொள்ளலாம். அங்கே பக்க எண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு பதிலோடும் வரும் தொடர்ச்சிக் குறிப்பை அடுத்த கேள்வியில் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

இணையதளத்தில் காட்ட மட்டும் என்றால் இரண்டில் எதுவும் சரி. பங்கு பிரிப்பதற்கோ வாக்கெடுப்புக்கோ இவற்றை நம்ப மாட்டேன். பக்கம் பக்கமாக இறக்கும்போதே டோக்கன் கைமாறிக்கொண்டிருக்கும். ஒரே முகவரி இரண்டு முறை வரலாம், ஒன்று விட்டும் போகலாம்.

அதற்கு ஒரு பிளாக் (பரிமாற்றங்களின் தொகுதி) எண்ணை முடிவுசெய்து, ஒப்பந்தம் பிறந்த பிளாக்கிலிருந்து அதுவரையான 'டிரான்ஸ்ஃபர்' நிகழ்வுகளை (பரிமாற்றப் பதிவுகளை) நானே படிப்பேன். பிளாக்செயின் தரவைக் கேட்டு வாங்க உதவும் ஆர்.பி.சி. சேவைகள் ஒரு கேள்விக்கு இத்தனை பிளாக் என்று வரம்பு வைப்பதால் துண்டு துண்டாகத்தான் கேட்க முடியும். வேலை அதிகம்தான், ஆனால் விடை உறுதி. நிகழ்வுகளிலிருந்து முகவரிகளை மட்டும் எடுங்கள். கூட்டிக் கழித்து இருப்பைக் கணக்கிடாதீர்கள். லிடோவின் எஸ்டிஈத் போன்ற டோக்கன்களில், ஒவ்வொருவருக்கும் டிரான்ஸ்ஃபர் நிகழ்வு இல்லாமலே இருப்பு மாறும். அதே பிளாக்கில் 'பேலன்ஸ்ஆஃப்' கேட்டால் சரியான எண் கிடைக்கும். பழைய பிளாக் என்றால், பழைய நிலைகளையும் சேமித்து வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோடு தேவை. 18 தசம இடங்கள் கொண்ட டோக்கனின் இருப்பை ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்ணில் வைத்தால் கடைசி இலக்கங்கள் கெடும், பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட்டில் வையுங்கள்.

சொலானா என்ற பிளாக்செயினில் கதையே வேறு. ஒவ்வொரு இருப்பும் தனிக் கணக்காக இருப்பதால், மின்ட் முகவரியை (டோக்கனை அடையாளம் காட்டும் முகவரியை) வைத்து வடிகட்டியே பட்டியலை எடுக்கலாம். ஒருவருக்கே பல கணக்குகள் இருக்கக்கூடும் என்பதால் உரிமையாளர்வாரியாகக் கூட்ட வேண்டும். பெரிய கணக்குகளைக் கேட்கும் அழைப்பு 20-ஐத்தான் தரும்.

எந்த வழியில் எடுத்தாலும், பரிமாற்றகத்தின் ஒரே முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் இருக்கலாம். அந்த முகவரிகளையும் பலரின் டோக்கன்களைச் சேர்த்து வைத்திருக்கும் பூல் ஒப்பந்தங்களையும் எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்பதைப் பங்கு பிரிக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.