திருநகர் ஏவியானிக்ஸ் வகுப்பு: காசு கட்டிச் சேரலாமா?

விமானத்தில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டும், அதற்கு ஏவியானிக்ஸ் படிக்க வேண்டும் என்று நினைக்கும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். திருநகரில் ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்பு இது. குறைகளையும் சேர்த்தே எழுதப் போவதால் பெயர் போடவில்லை. எனக்கு ஊர் திருமங்கலம். டிப்ளமோ இ.சி.இ. முடித்துவிட்டு வெளியூரில் ஒரு கார்-147 நிறுவனத்தில், அதாவது விமானப் பராமரிப்புப் படிப்பு நடத்த அனுமதி வாங்கிய இடத்தில், பி2 என்ற ஏவியானிக்ஸ் பிரிவு படித்தேன், லீவுக்கு வந்தபோதெல்லாம் இந்த வகுப்புக்குப் போனேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவேலை பழகவும், லைசென்ஸ் தேர்வுக்கான பாடங்களில் மாட்யூல் 3, 4, 5 (மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ், டிஜிட்டல்) மூன்றையும் மனப்பாடம் பண்ணாமல் புரிந்து படிக்கவும் இதைவிட நல்ல இடத்தை நம் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் இங்கே படித்தால் விமானப் பராமரிப்பு லைசென்ஸ் கிடைக்காது. இதைச் சேரும் அன்றைக்கே வகுப்பு நடத்தும் சார் உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறார், பெற்றோர் கூட வந்திருந்தால் அவர்களிடமும் சொல்கிறார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான். ஏனென்றால் நான் விசாரிக்கப் போன வேறொரு நிறுவனத்தில், அட்மிஷன் டேபிளில் இருந்தவர் என் அப்பாவிடம் "கோர்ஸ் முடிச்சா லைசென்ஸ் கையில சார், ஏர்லைன்ஸே வந்து கூட்டிட்டுப் போவான்" என்று கூசாமல் சொன்னார். அப்பாவும் பாதி நம்பிவிட்டார்.

உண்மை என்னவென்றால், நம் நாட்டில் லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. மட்டும்தான். அதற்கான விதிக்குப் பெயர் கார்-66. அதில் பி1 என்பது இன்ஜின், விமானத்தின் உடல், மெக்கானிக்கல் வேலைகள். பி2 என்பதுதான் ஏவியானிக்ஸ்: ரேடியோ, நேவிகேஷன், ஆட்டோபைலட், மீட்டர்கள், மின்சாரம் எல்லாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களோ இன்ஜினியரிங் டிப்ளமோ முடித்தவர்களோ சேரலாம். படிப்பு நடத்த கார்-147 அனுமதி வேண்டும், பி2 கோர்ஸ் என்றால் 2400 மணி நேரம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த அனுமதியைப் பிரிவு பிரிவாகத்தான் கொடுப்பார்கள், பி1-இன் உட்பிரிவான பி1.1-க்கு மட்டும் அனுமதி வாங்கிய இடம் பி2 நடத்த முடியாது. போர்டில் "ஏவியானிக்ஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி அதில் பி2 இருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பு முடிந்த பிறகும் மாட்யூல் தேர்வு ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும், பறக்கும் விமானங்களில் வேலை பார்த்த அனுபவம் இரண்டு வருடம் லாக்புக்கில் ஏற வேண்டும், அதன்பிறகுதான் லைசென்ஸ். அதற்கும் மேலே டைப் ரேட்டிங், அதாவது ஏ320 என்றால் அதற்குத் தனியாக, ஏ.டி.ஆர். என்றால் அதற்குத் தனியாகப் பயிற்சி. இவ்வளவு தூரம் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு சேர்ந்தால்தான் நடுவில் சண்டை வராது.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

சார் விமானப்படையில் ரேடியோ, ரேடார் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீளமான மர மேஜை ஒன்று, அதன் மேலே சுவரில் டூல் போர்டு. ஒவ்வொரு டூலுக்கும் அதே வடிவத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார், எடுத்ததைத் திரும்ப மாட்டவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். வகுப்பு முடிந்ததும் போர்டு நிறைந்தால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் கனெக்டரிலிருந்து பின்னை எடுக்கும் ஒரு சின்ன பின் எக்ஸ்ட்ராக்டர் காணாமல் போய், பேட்ச் மொத்தமும் தரையில் உட்கார்ந்து தேடினோம், ஒருவன் நோட்டுக்குள் இருந்து விழுந்தது. விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கரிலும் இப்படித்தான், டூல் ஒன்று கணக்கில் வராவிட்டால் விமானத்தை விடமாட்டார்கள். என் கல்லூரியில் இந்தப் பழக்கத்தைப் பாடமாக எழுத வைத்தார்கள், இங்கே உடம்பில் ஏற்றிவிட்டார்கள்.

வயரிங் வேலைக்குத்தான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். இ.சி.இ. படித்துவிட்டுப் போகும் எங்களுக்கெல்லாம் எதையும் சால்டர் பண்ணத்தான் கை போகும். விமானத்தில் பெரும்பாலும் கிரிம்ப்தான், அதாவது கம்பியைப் பின்னுக்குள் விட்டு டூலால் அழுத்திப் பிடிக்க வைப்பது, ஏனென்று அவர் செய்தே காட்டினார். பல இழைக் கம்பியில் சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்துப் போகும். அதிர்வு வரும்போது விறைப்பு முடியும் ஓரத்தில்தான் கம்பி முறியும். கையால் ஆட்டி ஆட்டி அவர் முறித்துக் காட்டியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கிரிம்ப் போட்டால் பின்னில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கம்பி இழை தெரிய வேண்டும், டூலின் அளவு சரியா என்று காட்டும் கோ-நோ கோ கேஜ் வைத்து அதைச் சோதித்த பிறகுதான் எடுக்க வேண்டும், போட்டு முடித்ததை இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பிக் கட்டை வளைக்கும்போது உள்ளே இருப்பதிலேயே தடிமனான கம்பியின் விட்டத்தைப் போல 10 மடங்கு ஆரம் வேண்டும் என்பதையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து திருத்துவார். லேசிங் நூலால் கட்டுப் போடுவதில் எங்கள் பேட்ச்சில் ஒரு பெண் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள், வீட்டில் சின்ன வயதிலிருந்து மல்லிகை கட்டிய கை. ஆனால் அவளையும் விடவில்லை, "பூ நழுவினா கோர்த்துக்கலாம் பாப்பா, இது நழுவக் கூடாது" என்று முடிச்சை அவிழ்த்து மறுபடி போட வைத்தார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்வது 1998-இல் நடந்த ஸ்விஸ்ஏர் 111 விபத்தை. காக்பிட் பக்கம் கூரைக்கு மேலே ஓடிய கம்பியில் பொறி பறந்து, பக்கத்தில் இருந்த இன்சுலேஷன் போர்வை பற்றிக்கொண்டது. 229 பேர் இறந்தார்கள்.

அப்புறம் ஆரிங்க் 429. ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிகளுக்குத் தகவல் போகும் முறை இது. கல்லூரியில் எனக்கு இது ஒரு பக்க நோட்ஸ்: ஒரு வேர்டுக்கு 32 பிட், முதல் 8 பிட் என்ன தகவல் என்று சொல்லும் லேபிள், அனுப்புவது ஒரு பெட்டி, கேட்பது 20 பெட்டி வரை, வேகம் வினாடிக்கு 12.5 கிலோபிட் அல்லது 100 கிலோபிட். எழுதினேன், தேர்வுக்குப் படித்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. இங்கே ஆசிலோஸ்கோப்பில் அந்த அலையை நேரில் காட்டினார். பிளஸ் 10 வோல்ட்டுக்கு ஏறி, சுழியத்துக்கு வந்து, மைனஸ் 10-க்கு இறங்குவதைப் பார்த்து ஒவ்வொரு பிட்டாகப் பேப்பரில் குறித்து, லேபிளை ஆக்டலில் (எட்டு அடிமான எண்ணில்) மாற்றினோம். 203 என்று வந்தது. 203 என்றால் உயரம். அதோடு விடாமல் முறுக்கிய இரண்டு கம்பியில் ஒன்றை எங்களுக்குத் தெரியாமல் கட்டுக்குள் எங்கோ அறுத்து வைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். கனெக்டரை எல்லாம் கழற்றிப் போட ஆரம்பித்த பையனிடம், "ஏப்பா, கழட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாரு" என்று மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார். பழுது பார்ப்பது என்றால் ஒழுங்கோடு சந்தேகப்படுவது, அதை நான் கற்றுக்கொண்டது அந்த மேஜையில்தான்.

காசு அதிகம் இல்லாமல் ஒரு வகுப்பு நடத்த முடியும் என்பதற்கு காற்றழுத்தத்தை வைத்து உயரமும் வேகமும் காட்டும் அவருடைய பிட்டோ-ஸ்டாட்டிக் அமைப்பைச் சொல்ல வேண்டும். பழைய ஆல்டிமீட்டர் (உயரமானி), வேகமானி, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் மீட்டர் மூன்றையும் ஒரு பலகையில் பொருத்தி டியூப் மாட்டியிருக்கிறார். ஸ்டாட்டிக் பக்கம் சிரிஞ்சு வைத்து மெதுவாகக் காற்றை இழுத்தால் ஆல்டிமீட்டர் மேலே ஏறுகிறது, பிட்டோ பக்கம் லேசாக அழுத்தினால் வேகம் காட்டுகிறது. வேகமாக இழுத்தால் மீட்டர் கெட்டுப்போகும் என்பதால் முதல்முறை தொடும்போது பக்கத்திலேயே நிற்பார். அந்த ஸ்டாட்டிக் துளையை டேப் வைத்து மூடிவிட்டு இழுக்கச் சொன்னார். முள் அசையவில்லை. பிறகுதான் 1996-இல் பெருவில் நடந்ததைச் சொன்னார். ஏரோபெரு 603, போயிங் 757. விமானத்தைக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளை டேப்பால் மூடியவர்கள் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். ராத்திரி, கடலுக்கு மேலே, உயரமும் வேகமும் தப்புத் தப்பாகக் காட்ட, விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்துபோனார்கள். டேப்பை உரித்த பிறகு அதே முள் ஏறுவதைப் பார்த்தபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. மாட்யூல் 9-இல் மனிதத் தவறு பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் இந்த அளவுக்கு இறங்காது.

குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பி2-வில் கனமான பேப்பர் மாட்யூல் 13. விமானத்தின் சிஸ்டம்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன. அதை இங்கே ஓட்டமாக ஓட்டிவிடுகிறார்கள். மாட்யூல் 14, இன்ஜின் பகுதி, கிட்டத்தட்டப் பெயரளவுக்குத்தான். மாட்யூல் 10, சட்டப் பகுதி, வேறொரு இளம் ஆசிரியர் எடுக்கிறார், புத்தகத்தை வாசித்துக் காட்டுவதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் காசு கட்ட வேண்டாம், டி.ஜி.சி.ஏ. தளத்தில் விதிகள் இலவசமாகவே இருக்கின்றன, வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். பழைய கேள்விகள் கட்டு ஒன்று கையிலிருந்து கைக்கு ஓடுகிறது, சார் அதைக் கொடுப்பதில்லை என்றாலும் தடுப்பதும் இல்லை. அதை நம்பி மாட்யூல் 5 எழுதப் போனவர்கள் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆசிலோஸ்கோப் ஒன்றுதான், பேட்ச் பெரிதாக இருந்தால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது. கம்பியின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் பழுதாகிக் கிடக்கிறது. பாண்டிங், அதாவது உலோகப் பாகங்களுக்கு நடுவில் உள்ள மின் இணைப்பு, அளக்கும் மில்லிஓம் மீட்டர் இல்லவே இல்லை. தரை ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி வாங்கி 1090-இல் பதில் அனுப்புவதை போர்டில் படம் போட்டுத்தான் கற்றோம், அதற்கான டெஸ்ட் செட் எல்லாம் ஒரு தனி மனிதர் வாங்கக் கூடிய விலையில் இல்லை என்பது புரிகிறது, மெக்கரையாவது சரிசெய்யலாம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாதது பெரிய குறை. மூன்று மணி நேரம் நடக்கும் வகுப்பில் இது சின்ன விஷயம் இல்லை, நாங்கள் சேர்ந்து கேட்டோம், செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. மதுரை விமான நிலையத்தில் பெரிய ஹேங்கர் கிடையாது, வந்து திரும்பும் விமானங்களைப் பார்த்து அனுப்பும் வேலைதான் நடக்கும். கையில் அனுபவம் ஏற வேண்டுமென்றால் திருவனந்தபுரம், ஓசூர், ஹைதராபாத், நாக்பூர் என்று ஹேங்கர் இருக்கும் ஊர்களுக்குப் போயே ஆக வேண்டும். 2023-இல் இண்டிகோ 500, ஏர் இந்தியா 470 விமானங்கள் ஆர்டர் செய்ததைக் காட்டித்தான் இப்போது எல்லா இடத்திலும் அட்மிஷன் பிடிக்கிறார்கள். ஆர்டர் உண்மை. ஆனால் அந்த விமானங்கள் வருவதற்கே பல வருடம் ஆகும், லைசென்ஸ் இல்லாத ஃப்ரெஷரை வரிசையில் நின்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. என்னைத் திருவனந்தபுரத்தில் ஹேங்கர் பயிற்சிக்கு எடுத்தபோது தேர்வில் ஒரு கனெக்டரைக் கொடுத்துப் பின் போடச் சொன்னார்கள், கேஜைக் கேட்டு வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் டூலைத் தொட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கே பழகினாய் என்று கேட்டார். கல்லூரிப் பெயரைச் சொல்லவில்லை, திருநகரைத்தான் சொன்னேன்.

யார் சேரலாம்? கார்-147 நிறுவனத்தில் ஏற்கெனவே படித்துக்கொண்டு லீவில் ஊருக்கு வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். இ.சி.இ., ஈ.இ.இ. டிப்ளமோ முடித்துவிட்டு பி1-ஆ பி2-வா என்று குழம்புபவர்கள், லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் இங்கே மாட்யூல் 3 மட்டும் படித்துப் பார்க்கட்டும், இந்த வேலை நமக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று தெரிந்துவிடும். பிளஸ் டூ முடித்தவர்கள் திரிகோணமிதியும் பைனரியும் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போவது நல்லது, சார் அதற்காக நிற்க மாட்டார். சான்றிதழுக்காகப் போகிறவர்கள் போகவே வேண்டாம்.

நான் கட்டியது மாட்யூலுக்கு 4,500 ரூபாய், இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். கைவேலை வகுப்புக்குத் தனியாக வாங்கவில்லை, கிரிம்ப் பின்னும் கம்பியும் நாம் வீணாக்கினால் அதற்கு மட்டும் காசு. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகும் பஸ் எல்லாம் திருநகர் வழியாகத்தான் போகிறது, சாயங்கால பேட்ச் முடிந்து வந்தாலும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை காலை பேட்ச்சில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள், பணம் கேட்பதில்லை. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், லைசென்ஸ் பற்றி அவர்களுக்கு இருக்கும் கேள்வியெல்லாம் சாரிடமே கேட்கட்டும்.