வகுப்பறையில் மைக்ரோபிட்: மூன்று கல்வியாண்டு பயன்படுத்தியபின்

மைக்ரோபிட் என்பது பிள்ளைகள் நிரல் எழுதி இயக்கிப் பழகும் சிறு கணினி போர்டு. 40 மாணவர் உள்ள வகுப்புக்கு 10 மைக்ரோபிட் போதும். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் போர்டிலேயே உண்டு. நாலு பேர் குழுவில் மவுஸ் பிடிப்பவரைப் பாடவேளைதோறும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஆண்டு முழுக்க ஒரே கையில்தான் இருக்கும்.

போர்டு லேசில் பழுதாகாது. கேபிளும் பேட்டரிப் பெட்டியின் மெல்லிய வயரும்தான் போகும். 10 போர்டுக்கு 15 கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜர் கேபிள் சிலவற்றில் மின்சாரம் மட்டுமே வரும், டேட்டா போகாது. விளக்கு எரியும், கணினியில் பென்டிரைவ் போல வரவேண்டிய மைக்ரோபிட் டிரைவ் தெரியாது, பழி போர்டின் மேல் விழும். டிரைவின் பெயர் ‘மெயின்டனன்ஸ்’ என்று வந்தால் யாரோ ரீசெட் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகியிருக்கிறார்கள். கழற்றி, பட்டனைத் தொடாமல் செருகினால் சரியாகிவிடும்.

பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் இணையதளமான மேக்கோடில் செய்த வேலை அந்த பிரவுசரிலேயே தங்குகிறது. ஆய்வகக் கணினியைத் துடைத்தால் எல்லாம் போச்சு. போர்டில் ஏற்றுவதற்காக அது தரும் ஹெக்ஸ் கோப்பைக் குழுப் பெயரில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அதை மேக்கோடில் இழுத்துப் போட்டால் பிளாக்குகள் அப்படியே திரும்ப வரும்.

பொறியியல் கற்றுத்தர மிகச் சிறந்தது மண் ஈரமானி. இரண்டு ஆணி, 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, மூன்று கிளிப் வயர், இவ்வளவுதான். ஒரு ஆணியை போர்டின் விளிம்பில் உள்ள 3 வோல்ட் முனையிலும் மற்றதை பின் 0 என்ற முனையிலும் மாட்டி, பின் 0க்கும் கிரவுண்டுக்கும் (GND முனை) இடையே ரெசிஸ்டரைப் போடுங்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் காய்ந்த மண்ணில் எண் நிலைக்காது. அளவு 0 முதல் 1023 வரை வரும். ஆணிகளைக் கையால் குத்தினால் ஒவ்வொரு முறையும் வேறு எண்தான். தெர்மாக்கோல் துண்டில் 3 செ.மீ. இடைவெளியில் இறக்கி, ஆழத்தையும் குறித்துவிட்டால் அடங்கும். இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லக் கூடாது. இரு குழுக்களின் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகளே தேடட்டும். பாடமே அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் நேர்முனை ஆணி சில நாளில் அரித்துவிடும். 3 வோல்ட்டில் மாட்டிய ஆணியை பின் 1க்கு மாற்றி, அளக்கும் நொடியில் மட்டும் நிரலில் அந்தப் பின்னை 1 (மின்சாரம் வரும்) ஆக்கி, உடனே 0 (நிற்கும்) ஆக்குங்கள்.

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரை போர்டின் 3 வோல்ட்டில் ஓட்டாதீர்கள். மோட்டார் திணறும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் போர்டு ரீசெட் ஆகும். மூன்று ஏஏ பேட்டரியைத் தனியாகக் கொடுத்து, கிரவுண்டையும் சர்வோவின் சிக்னல் வயரையும் மட்டும் போர்டோடு இணையுங்கள். அந்த 4.5 வோல்ட் போர்டின் 3 வோல்ட் முனையைத் தொடவே கூடாது.

மைக்ரோபிட் காட்டும் வெப்பநிலை எண் அதன் சிப்பினுடையது, அறையை விடக் கூடுதலாகக் காட்டும். சுவர் வெப்பமானியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.